வெளியே ஓடச் சொன்ன அண்ணாச்சி

"ஏலே, எல்லாரும் வெளிய ஓடுங்கலே!" என்று அண்ணாச்சி கத்தியதும் நாங்கள் ஓடினோம். புகையுமில்லை, சத்தமுமில்லை, கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டதாகக் கணினித் திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி அது. அவர் முதலாளி, நான் டிசைன் பிரிவில் இருந்தேன். தாயில்பட்டியில் பட்டாசு ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆபத்து என்றால் ஆளை வெளியேற்று, திரும்ப உள்ளே விடாதே என்பது ரத்தத்தில் ஊறியது. வேப்பமரத்தடியில் எங்களைத் தலை எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளே கணினிகளை இணைத்த வயரைப் பிடுங்க ஆளில்லை. பூட்டு ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குப் பரவி, நகல் வைத்திருந்த டிஸ்க்கையும் பிடித்துவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி அந்தக் கணினிகள் கெஞ்சியபோதெல்லாம் "சீசன் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டவர்கள்தானே நாங்கள்.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் வெளிவர வேண்டும். அதைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். ஆல்பம் இல்லையென்றால் அந்த வருஷப் பிழைப்பே இல்லை. படங்கள், கடைகளின் பெயர், போன் நம்பர், பழைய ஆர்டர் விவரம் எல்லாம் முகம் தெரியாத திருடன் கையில். பணம் கொடுத்தால் திறப்பதாக எழுதியிருந்தான். கொடுத்தாலும் திறப்பானா, தெரியாது. போலீசுக்குப் போனால் ஊரே பேசும், ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும். இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தார் மனுஷன். "ஒரு வார்த்தை வெளிய போகக்கூடாது" என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் கமுக்கமாகப் பணத்தைக் கொடுத்தார். பூட்டும் திறந்தது, ஆல்பமும் வந்தது.

ஆடிப்பெருக்குப் பூஜை முடிந்ததும் காரியாபட்டி ஜவுளிக்கடைக்காரரை அவரே போனில் கூப்பிட்டார். "ஆர்டர் போட்டுருவமா?"

"நேத்தே அட்வான்ஸ் அனுப்பிட்டேனே அண்ணாச்சி. ஒங்க கம்பெனி ஆளுன்னு பேசினாரு. போன வருசம் எம்புட்டு எடுத்தேன், என்ன படம், அம்புட்டும் சரியாச் சொன்னாரே!"

எங்கள் ஆள் யாரும் அவரிடம் பேசவில்லை; பேசியது அந்தத் திருடன்தான். திருட்டுப் போனதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஏமாந்திருக்க மாட்டார். அட்வான்ஸ் வந்ததாகவே வைத்து அவருக்குக் காலண்டர் அச்சடித்துக் கொடுத்தோம். அதற்குள் இன்னும் சில கடைகளிலிருந்தும் அதே கதை வந்தது.

நான் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். சமீபத்தில் அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். ஆடி பிறந்துவிட்டால் எல்லாக் கடைகளுக்கும் அவரே போன் செய்கிறார். பழைய கம்பீரமெல்லாம் போய், குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. "எம் பேரச் சொல்லி யாரு அட்வான்ஸ் கேட்டாலும் குடுக்காதீக. என் கொரல்லயே பேசினாலும் நம்பாதீக," என்றார்.

மறுமுனையில் கடைக்காரர் கேட்டார்:

"சரி, இப்பப் பேசுறது அண்ணாச்சிதானா?"