புல்வெளியைக் கூட்டியவன்

என் தம்பி உருத்திரமூர்த்திக்கு ஒரு பழக்கம். வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கை தானாக விளக்குமாற்றைத் தேடும். வருபவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கதிரைகள் துடைக்கப்பட்டு, தேத்தண்ணி ஆற்றப்பட்டு இருக்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் 1986இல் இந்தப் பழக்கத்தால் ஒரு கிராமத்துக்கே வரவேண்டிய அரசாங்க மானியம் போகப் பார்த்தது.

குளிர்காலம் முழுக்க அவன் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலின் நிலவறையில் கோப்பை கழுவினான். கோடையில் வெர்னர் என்ற பண்ணைக்காரர், தன் மகனோடு சேர்ந்து மாடு பார்க்க அவனை மலைக்குக் கூட்டிப்போனார். மேலே உள்ள மேய்ச்சல் நிலம் கிராமத்துக்குப் பொது. எல்லா வீட்டு மாடுகளும் கோடையில் அங்கேதான் மேயும். வெர்னர் அந்த நிலத்தைப் பார்க்கும் குழுவின் தலைவர். தம்பிக்கு மலை பிடித்துப்போயிற்று. மாடுகளை யாழ்ப்பாணத் தமிழில் அதட்டுவான். அவையும் திரும்பிப் பார்க்கும். வீட்டில் நான் கூப்பிட்டு அவன் அப்படித் திரும்பியதில்லை.

நிலம் மட்டும் சுகமாக இல்லை. தண்ணித் தொட்டி ஒன்றுதான். மாடுகள் அதைச் சுற்றியே நின்று சாணி போட்டுப் போட்டு, புல் செத்து, அகன்ற இலைக் களை ஒன்று மண்டிவிட்டது. அதை மாடு வாயில் வைக்காது. களையை வேரோடு தோண்டவும், மேலே இன்னொரு தொட்டி வைக்கவும் கன்டோனிடம், அதாவது அங்கத்தைய மாநில அரசிடம், மானியம் கேட்டுக் கிராமம் எழுதியிருந்தது. கிடைக்காவிட்டால் மாடுகளில் பாதியைக் குறைக்கவேண்டும். அப்படியானால் மேலே ஒரு ஆள் போதும். தம்பி திரும்ப நிலவறைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெர்னர் சொன்னார்: "வியாழன் கன்டோனிலிருந்து ஒரு பெரியவர் நிலத்தைப் பார்க்க வருகிறார்." அவ்வளவுதான். எதற்கென்று சொல்லவில்லை. மகனையும் கூட்டிக்கொண்டு, குளிர்காலத் தீவனத்துக்குப் புல் வெட்டக் கீழே இறங்கிவிட்டார்.

வியாழன் எனக்கு லீவு. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு ஏறினேன். வேறு மலைக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். தொட்டியைச் சுற்றி ஒரு களை இல்லை. சாணி இல்லை. கல்லெல்லாம் வரிசையாக அடுக்கிக் கிடந்தது. சேற்றின் மேல் ஊசியிலைக் கொப்புகளைப் பாய் மாதிரி விரித்திருந்தான். தான் ஸ்திரி போட்ட சேர்ட்டுடன் நின்றான்.

"எப்பிடி அக்கா?"

"கலியாண வீடு மாதிரிக் கிடக்கு. வாழைமரம்தான் குறை."

"பகிடி பண்ணாதையுங்கோ. பெரிய மனுசர் வாறார்."

வெர்னரும் அதிகாரியும் வந்தார்கள். வெர்னர் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டார். அதிகாரி கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், திரும்ப விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"இந்த இடத்துக்குத்தானா மானியம் கேட்டீர்கள்? இந்தக் கோடையில் இவ்வளவு நல்ல மேய்ச்சல் நிலம் நான் பார்க்கவில்லை."

'நல்ல' என்ற சொல் தம்பிக்கு விளங்கியது. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு தேத்தண்ணியை நீட்டினான். வெர்னரின் காது சிவந்தது.

"மூர்த்தி, அவர் வியாதியைப் பார்க்க வந்தவர்! நீ நோயாளிக்குப் பவுடர் பூசி வைத்திருக்கிறாய்!"

அதிகாரி விண்ணப்பத்தை மடித்தார். தம்பியின் சிரிப்பு நின்றது. நிலவறைக் கோப்பைகள் அவன் கண்ணில் வந்துபோனதை நான் கண்டேன். வந்தவருக்கு அழுக்கைக் காட்டுவதைவிடச் சாகலாம் என்று நினைப்பவன், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அதிகாரியின் சட்டைக் கையைப் பிடித்தான். வெட்டித் தட்டையாக்கிய இடத்தில் ஓங்கிக் கொத்தினான். ஒரு கை தடிப்பான வேர் வெளியே வந்தது. கொப்புகளை இழுத்தெறிந்து, கால் வையுங்கள் என்று சைகை காட்டினான். அதிகாரியின் சப்பாத்து கணுக்கால்வரை புதைந்தது. குடிலின் பின்னால் குவித்திருந்த, வெட்டின களையின் இலைமலையையும் காட்டினான்.

"மேலே மட்டும் வெட்டு. கீழே எல்லாம் இருக்கு. நான் பொய்," என்றான் தன் ஜெர்மனில்.

அதிகாரி குலுங்கிச் சிரித்தார். "நான் வருமுன்னர் மாட்டை விட்டு மிதிக்க வைத்து, இன்னும் மோசமாக்கிக் காட்டியவர்கள் உண்டு. எனக்காகக் கூட்டிவைத்த முதல் ஆள் இவர்தான்." பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "ஆனால் வெட்டின இலையை நான் அளக்க முடியாது. மூன்று வாரத்தில் வருகிறேன். அதுவரை ஒருவரும் கை வைக்கக்கூடாது." 'ஒருவரும்' என்றபோது பார்த்தது தம்பியை.

அந்த மூன்று கிழமையும் அவன் பட்டபாடு! தொட்டிக்கு முதுகு காட்டியே சாப்பிட்டான். லீவு நாளில் நான் ஏறினால் கெஞ்சுவான்.

"அக்கா, அந்தா அந்த ஒண்டை மட்டும் பிடுங்கட்டோ?"

"கையை மடக்கிக்கொண்டு இரு."

மழை பெய்தது. இலைகள் கிளம்பின. பிறகு அவனே முழங்காலை வைத்து உயரம் பார்க்கத் தொடங்கினான். ஒரு பக்கம் குட்டையாக நிற்கிறது என்று கவலைப்படவும் செய்தான்!

அதிகாரி திரும்ப வந்த அன்று, தம்பியைக் குடிலுக்குள் பிடித்துவைக்கச் சொல்லி வெர்னர் என்னிடம் ஒப்படைத்தார். யன்னலால் பார்த்தோம். அதிகாரி களைக்குள் நின்று அளந்தார், எழுதினார். பிறகு உரத்துக் கேட்டார்: "அந்தத் துப்புரவுக்காரர் எங்கே?"

தம்பி தேத்தண்ணியோடு வெளியே போனான். மானியம் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டதாக அதிகாரி சொன்னார். இவ்வளவு வேரையும் தோண்ட அடுத்த கோடையிலும் இரண்டு பேர் வேண்டும் என்றும் சொன்னார். "இரண்டு பேரோ?" என்று தம்பி திரும்பத் திரும்பக் கேட்டான். தன்னையும் வெர்னரின் மகனையும் விரலால் எண்ணிக் காட்டினான். ஓம், இரண்டு பேர்தான்.

அதிகாரி இறங்கினார். குடில் படியெல்லாம் அவருடைய சப்பாத்துச் சேறு. தம்பியின் கை விளக்குமாற்றுக்குப் போனது. வெர்னர் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பொறு. முதலில் அவர் பாதை வளைவைத் தாண்டட்டும்."

விளக்குமாற்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, இரண்டு பேரும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.