மூன்றாம் பாடத்து மாமியார்

அசிமினாவிடம் பேசிவிட்டு வந்தால் மனசு லேசாகும் என்பது கிரேக்கக் கடற்கரையில் இருக்கும் எங்கள் வோலோஸில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அவளிடம் போய்விட்டு வெளியே சொல்லாதவர்கள். துறைமுகத்துக்குப் பின்னால் மருந்துக்கடை மாடியில் அவளுக்கு ஓர் அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, அழுகிறவர்களுக்கு ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. மனநல ஆலோசகர் என்று பலகை மாட்டவில்லை. மாட்டினால் மருந்து வாங்க வருகிறவர்கள் படியில் யார் ஏறுகிறார்கள் என்று நின்று பார்ப்பார்கள். மாட்டாமலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு விஷயம்.

இருப்பது ஒரு வாய், இரண்டு காது. அதை வைத்துக்கொண்டு ஒரு நாளில் எத்தனை பேரைக் கேட்க முடியும்? புதிதாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பக்கத்து ஊர் லாரிசாவில் இதே தொழில் செய்யும் தோழி டோரதேயாதான் போனில் பிடித்து உலுக்கினாள்.

"எத்தனை நாளைக்குடி உன் காதை வாடகைக்கு விட்டுட்டே இருப்ப? நான் பாரு, மூச்சுப் பயிற்சியை வீடியோவா எடுத்து இணையத்துல போட்டேன். நான் தூங்கறேன், அது விக்குது. நேத்து கடல்ல குளிச்சிட்டிருந்தேன், அப்பவும் வித்துச்சு."

"ஆளைப் பாக்காம எப்படிடி ஆறுதல் சொல்றது?"

"உன் படியில ஏற இடமில்லாம நிக்கிறாங்களே, அவங்களுக்கு இப்ப மட்டும் என்ன சொல்ற? ஒண்ணும் இல்லாததுக்கு வீடியோவாவது கிடைக்கட்டுமே."

அந்தக் கடைசிச் சொல் அசிமினாவைப் பிடித்துக்கொண்டது. என்ன பாடம் எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'முடியாது' என்று சொல்லத் தெரியாமல்தான் பாதிப் பேர் அவளிடம் வருகிறார்கள். 'என் வாசல், என் விருப்பம்' என்று பெயர் வைத்தாள். மொத்தம் ஆறு பாடம். மூன்றாம் பாடம் 'இப்ப முடியாது' என்று சொல்லிப் பழகுவது: முகத்தில் சிரிப்பு, குரலில் மரியாதை, சொன்ன பிறகு ஒரு மூச்சு மௌனம், காரணம் மட்டும் சொல்லவே கூடாது. நான்காம் பாடம் மறுபக்கம்: இன்னொருவர் 'முடியாது' என்றால் ஏற்றுக்கொள்வது எப்படி. அவர் கதவைச் சாத்திவிட்டால் மறுபடி மணி அடிக்காதே.

மூன்றாம் பாடத்துக்கு ஒரு கதை வேண்டும். வருகிறவர்கள் சொன்னதைத் தொடவே கூடாது. இந்தத் தொழிலில் கேட்டதெல்லாம் கேட்டவளோடு மண்ணுக்குள் போக வேண்டும். அதனால் 'திருமதி கே' என்று ஒரு பெண்ணைக் கற்பனையாகப் படைத்ததாகச் சொன்னாள் அசிமினா. கற்பனையாவது கத்தரிக்காயாவது! எல்லாம் அவள் வீட்டுக் கதைதான்.

எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் மகனுக்கும் சேர்த்தே மாடி எழுப்புவார்கள். மாடி மகனுக்குப் போகும். அதன் சாவி ஒன்று கீழேயே தங்கிவிடும். அசிமினா பெரிக்லிஸைக் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்த முதல் நாள் சோற்றைக் கருக்கிவிட்டாள். வாசனை கீழே போயிற்று. கீழிருந்து மாமியார் எவாந்தியா, அரிசி அடைத்த குடைமிளகாய் ஒரு பானை நிறைய எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். "ரொம்ப நன்றி அத்தை, நீங்க இல்லாட்டி இன்னிக்குப் பட்டினிதான்" என்றாள் புது மருமகள். அந்த ஒரு வாய்ச்சொல்லுக்குப் பதினொரு வருஷமாக மதியம்தோறும் பானை வந்துகொண்டிருக்கிறது. கதவைத் தட்டுவது கிடையாது. சாவி திரும்பும் சத்தம், பிறகு பானை, பிறகு குளிர்பதனப் பெட்டிச் சோதனை, பிறகு பெரிக்லிஸின் பனியன்களுக்கு இஸ்திரி. போகிற போக்கில் பால்கனியின் வெயில் மூலையில் இருக்கும் துளசித் தொட்டியை நிழல் மூலைக்கு நகர்த்திவிட்டுத்தான் இறங்குவாள். அவள் இறங்கியதும் அசிமினா அதைத் திரும்ப வெயிலுக்கு இழுத்து வைப்பாள். ஊருக்கெல்லாம் 'முடியாது' சொல்லக் கற்றுக்கொடுக்கிறவள், மாமியாரிடம் பதினொரு வருஷத்தில் சொன்னதெல்லாம் 'நன்றி அத்தை' மட்டுமே.

வீடியோவையும் வீட்டில்தான் எடுத்தாள். மூன்றாம் பாடத்தின் நடுவே, "உங்கள் கதவு உங்களுடையது" என்று கேமராவைப் பார்த்து அழுத்தமாகச் சொன்னாள். சாவி திரும்பியது.

"யார்கிட்டம்மா பேசற?" என்று பானையோடு உள்ளே வந்தாள் எவாந்தியா.

"யார்கிட்டயும் இல்ல அத்தை. பாடம் எடுக்கறேன்."

"தனியா உக்காந்து சுவத்தோட பேசறியே கண்ணு! வேலை அதிகமாயிடுச்சு உனக்கு. யாராவது நல்ல டாக்டரா பாத்துப் பேசேன்."

"சரி அத்தை. நன்றி அத்தை."

மறுநாளும் அதே வாக்கியத்தில் அதே பானை. கடைசியில் அந்தப் பாடத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டுதான் எடுத்து முடித்தாள்.

பாடம் இணையத்தில் ஏறிய வாரமே சுடச்சுடப் போயிற்று. டோரதேயா வாழ்த்துச் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் வினை வந்தது. முதலில் கரூஃபலியா வடிவில். மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் கரூஃபலியா வாரம் தவறாமல் வருகிறவள். அன்று வந்தவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"மூணாம் பாடத்துல வர்றது நான்தானே?"

"இல்லைங்க. நிச்சயமா இல்ல."

"சாவி போட்டுத் தொறக்கறா. பானையோட வர்றா. மகன் பனியனை இஸ்திரி போடறா. அது எங்க மாமியார் இல்லாம வேற யாராம்?"

"அந்தம்மா துளசித் தொட்டியை நகர்த்தறாங்க. உங்க வீட்ல துளசி இருக்கா?"

"இல்ல. ஜெரேனியம் பூச்செடிதான் இருக்கு."

"பாத்தீங்களா!"

"பாத்தேன். ஜெரேனியத்தைத் துளசியா மாத்திட்டீங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு!"

கதை ஒத்துப்போனால் 'அது நான்' என்கிறாள். ஒத்துப்போகாவிட்டால் 'நீ மறைத்திருக்கிறாய்' என்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கரூஃபலியா எழுந்து போனாள், அடுத்த வாரம் வரவில்லை. அவளைப் போலவே இன்னும் சிலர் போனில் பொய்க் காய்ச்சல் சொன்னார்கள். எல்லோரும் தங்கள் மாமியாரையே அந்த வீடியோவில் பார்த்திருந்தார்கள். பாவம், ஊரில் மாமியார்கள் எல்லோருக்கும் ஒரே பானைதான் போலும்.

அதைவிடப் பெரிய இடி ரொட்டிக்கடையில் விழுந்தது. ஸ்டமாத்தியா என்று ஒரு பருத்த அம்மாள், வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு அசிமினாவின் முன்னால் வந்து நின்றாள்.

"உன் மூணாம் பாடத்துல வர்ற மாமியார் நான்தானாமே! என் மருமக உன்கிட்ட வந்து என்னைப் பத்தி ஒப்பாரி வைக்கிறாளாமே?"

யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று சொல்லவே கூடாது. ஒருத்தியை 'வரவில்லை' என்று சொல்லிவிட்டால், நாளைக்கு இன்னொருத்தியைப் பற்றி வாய் திறக்காதபோது அதுவே 'வருகிறாள்' என்றாகிவிடும். "அதெல்லாம் நான் சொல்றதில்லைங்க" என்றாள் அசிமினா.

"சொல்ல மாட்டேன்னா வர்றான்னு அர்த்தம்! எல்லாரும் கேட்டுக்குங்க!"

உண்மையில் அந்த மருமகள் மருந்துக்கடைப் படியை மிதித்ததே இல்லை. வீட்டில் வாய்த்தகராறு முற்றி, அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கேள்விப்பட்டதும் அசிமினாவுக்குச் சோறு இறங்கவில்லை. சேர்த்துவைப்பதற்கென்று படித்துவிட்டு, பார்த்தறியாத ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமே என்று டோரதேயாவுக்குப் போன் போட்டாள்.

"மூணாம் பாடத்தைத் தூக்கிடு" என்றாள் டோரதேயா.

"தூக்கினா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப உண்மையைச் சொல்லிடு. அது நீதான்னு."

"நம்ம தொழில்ல நம்ம கதையைச் சொல்லலாமாடி? அதுவும் இல்லாம, அத்தை காதுக்குப் போகாம இருக்குமா?"

"ஆக, தொழில் நியாயம் ரெண்டாவது காரணம். அத்தைதான் முதல் காரணம். அப்படித்தானே?"

நல்ல தோழிகள் இருப்பதில் இது ஒரு கஷ்டம்.

பாடம் வாங்கியவர்களோடு வியாழன் மாலை திரையில் நேரடியாகப் பேசுவதாக முன்பே அறிவித்திருந்தாள். அங்கேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் ஊருக்கு முன்னால் அத்தைக்குச் சொல்ல வேண்டாமா? வியாழன் மதியமே கீழே இறங்கி மணி அடித்தாள். எவாந்தியா திராட்சை இலையில் அரிசி சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. அதுக்கு முன்னாடி இதைச் சாப்பிடு. முகமே வாடிப் போயிருக்கு."

ஒன்றைச் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. இன்னொன்றும் சாப்பிட்டாள். வாயில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "ரொம்ப நன்றி அத்தை" என்று ஒரு தட்டு இலைச் சுருளோடு படியேறி வந்தாள். தன்னைக் கண்டால் தனக்கே ஆத்திரமாக வந்தது.

மாலையில் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். கரூஃபலியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேவு பார்ப்பதற்கென்றே பாடத்தை வாங்கியிருந்த ஸ்டமாத்தியா பாதி நெற்றி மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டம் மட்டும் இருட்டு. அதில் 'பெரிக்லிஸ்' என்று பெயர். சுங்க அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு வேலையைப் பார்க்காமல் வேடிக்கை பார்க்கிறான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"மூணாம் பாடத்துல வர்ற பொம்பளை உங்கள்ல யாரும் இல்ல" என்றாள். "அது நான்தான். சாவி எங்க வீட்டுச் சாவி. பானை எங்க அத்தை பானை. துளசி எங்க வீட்டுத் துளசி. உங்களுக்கெல்லாம் 'முடியாது' சொல்லச் சொல்லிக்கொடுக்கறேன். நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல."

கரூஃபலியா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"அப்ப அது நான் இல்லையா?"

"இல்லைங்க."

"கொஞ்சம்கூட இல்லையா?" அவள் குரலில் இருந்தது ஏமாற்றம். சந்தையில் எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருந்தாளோ! எல்லாக் கட்டங்களிலும் சிரிப்பு வெடித்தது. ஸ்டமாத்தியாவின் நெற்றி மறைந்தது, கட்டத்துக்கு வெளியே அவள் போனில் கத்துவது கேட்டது: "அடியே, குழந்தையைக் கூட்டிக்கிட்டு வந்து சேரு! அது நீ சொன்ன கதையே இல்லையாமே, வாயைத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

அப்போது இருட்டுக் கட்டம் வெளிச்சமாயிற்று. அதில் ஒரு மோவாய், அதற்கு மேல் கீழ்வீட்டுச் சமையலறையின் உத்தரம். பெரிக்லிஸ் தன் பழைய டேப்லெட்டைச் சீட்டாட அம்மாவுக்குக் கொடுத்திருந்தது அசிமினாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"பாடம் வந்த அன்னிக்கே வாங்கிட்டேன்" என்றாள் எவாந்தியா. "துளசியைச் சொன்னப்பவே தெரியும் அது நான்தான்னு. உச்சி வெயில்ல வெச்சா அது கருகாம என்ன பண்ணும்? அதை விடு. முழங்கால் வலியோட தினம் படியேறி வர்றேனே, ஆசைக்கா வர்றேன்? 'நீங்க இல்லாட்டி பட்டினிதான்'னு சொன்னது யாரு? நான் வரலைன்னா எம் புள்ள பட்டினி கிடப்பானேன்னுதான் வந்தேன். வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் மதியத்துல காலை நீட்டிப் படுத்திருப்பேன்ல?"

அசிமினாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காகிதக் கைக்குட்டைப் பெட்டியோ மருந்துக்கடை மாடியில் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க அத்தை."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? பாடம் நல்லாதான் இருக்கு. நானும் பழகிட்டிருக்கேன்" என்றாள் எவாந்தியா. கட்டம் மறுபடி இருட்டாயிற்று.

மறுநாள் மதியம் சாவி திரும்பவில்லை. வீடு அமைதியாக இருந்தது. பதினொரு வருஷமாக ஏங்கிய அமைதி. துளசி வெயிலில் சுதந்திரமாகக் கருகிக்கொண்டிருந்தது. அசிமினா காபி போட்டுக் குடித்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள். ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

பெரிக்லிஸ் பசியோடு வந்து நின்று, "அம்மா இன்னும் வரலையா?" என்றான்.

அவள் கீழே இறங்கினாள். கதவிடுக்கு வழியாகக் குடைமிளகாய் அடுப்பில் வேகும் வாசனை வந்தது. மணி அடித்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. எவாந்தியாவின் முகத்தில் சிரிப்பு, குரலில் மரியாதை.

"இப்ப முடியாது, கண்ணு."

ஒரு மூச்சு மௌனம். காரணம் எதுவும் இல்லை. மாணவி மூன்றாம் பாடத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

அசிமினா படியிலேயே நின்றாள். இவ்வளவு வலிக்கும் என்று அவள் எந்தப் பாடத்திலும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு. வயிற்றில் பசி, மூக்கில் வாசனை. உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. நான்காம் பாடம் நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திவிட்டால் மறுபடி மணி அடிக்கக் கூடாது.

அடித்தாள்.