உருண்டு வந்த பந்துகளின் கணக்கு

அன்று காலை மைதானத்தில் இருந்தது நாலு பேர். கேப்டன், தேனி பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவர். கம்பத்திலிருந்து பைக்கில் வந்த ஜிம் மாஸ்டர், அவரும் கோல் கீப்பர். எங்கள் தேங்காய் மண்டியில் எண்ணிக்கை பார்க்கும் மாமா. அப்புறம் நான். அதே மண்டியில் தேங்காய் உரிப்பவன். பதினாலு வருஷமாக இந்த ஹாக்கி டீமுக்குக் கோல் கீப்பர்.

மறுநாள் இறுதி ஆட்டம். யார் கோலில் நிற்பது என்று முடிவு செய்யக் கூடியிருந்தோம். எனக்கு வயது நாற்பத்திரண்டு. இந்த முறை வெளியே உட்கார்ந்தால் அப்புறம் கூப்பிட மாட்டார்கள்.

விட்ட கோலை மட்டும் பார்த்தால் நியாயமில்லை, வந்ததில் எத்தனை நின்றது என்று பார்ப்போம் என்று கேப்டன் முன்பே சொல்லியிருந்தார். இந்தத் தொடரில் நான் நின்ற ஆட்டங்களுக்கு மாமா நோட்டில் குறித்தார். மாஸ்டர் நின்ற நாட்களில் மாமாவுக்கு மண்டியில் லோடு ஏற்றும் வேலை. கேப்டனே செல்லில் குறித்துக்கொண்டார்.

கேப்டன் கணக்குப் போட்டார்.

"அண்ணே, ஒங்களுக்கு வந்தது நாப்பது. நின்னது முப்பது. பத்துக்கு ஏழரை. மாஸ்டருக்கு இருபத்தஞ்சுக்கு இருபது. பத்துக்கு எட்டு."

நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கோடுகளுக்கு நடுவே வட்டங்கள் இருந்தன.

"இதென்ன மாமா வட்டம்?"

"சின்னக் காய் மாப்ள."

மண்டியில் சின்னக் காய் இரண்டை ஒன்றாக எண்ணுவது வழக்கம். மெதுவாக உருண்டு வந்து நான் நிறுத்திய பந்துகளுக்கும் மாமா அப்படியே இரண்டுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"யோவ் மாமா, இது பந்துய்யா. தேங்காயா?" என்றார் கேப்டன்.

"உருண்டு வந்ததுக்கெல்லாம் முழு எண்ணிக்கை குடுத்தா மண்டி வெளங்குமா?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். "எனக்கு உருண்டு வந்ததையும் கேப்டன் முழுசாத்தான் குறிச்சாக," என்றார். அவர் அதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

வட்டம் பன்னிரண்டு இருந்தது. கேப்டன் வட்டத்துக்கு ஒன்று கூட்டி மறுபடி செல்லைத் தட்டினார். வந்தது ஐம்பத்திரண்டு, நின்றது நாற்பத்திரண்டு.

"எட்டுக்கு ஒரு நூல் மேல நிக்கிது. என்னண்ணே சொல்றீக?"

"சின்னதும் ஒண்ணுதான்," என்றேன். மாஸ்டர் தன் ஹெல்மெட்டை எனக்குக் கொடுத்தார். என்னுடையதில் வார் அறுந்திருந்தது.

மறுநாள் கோலில் நான் நின்றேன். எதிர் டீம் அடித்துக்கொண்டே இருந்தது. வேகமாக வந்ததெல்லாம் நின்றது. காலில் பட்டது, கையில் பட்டது, ஒன்று மாஸ்டரின் ஹெல்மெட்டில் பட்டது. எங்கள் ஆட்களும் கோல் போடவில்லை.

முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது ஒரு பந்து மெதுவாக உருண்டு வந்தது. நான் காலைச் சேர்த்தேன். சேரவில்லை. காலில் கட்டிய இரண்டு பேடுக்கும் நடுவே போய்விட்டது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

கேப்டன் என் பக்கம் வரவில்லை. மாமா மட்டும் நோட்டோடு வந்தார்.

"ஏலே மாப்ள, அது சின்னக் காய்தான்."

"முழுசா எழுதுங்க மாமா."

அவர் ஏற்கனவே எழுதியிருந்தார். வந்தது பதினாறு. நின்றது பதினைந்து.