இரண்டு மடியில் குத்திய காது

ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. வகுப்பில் பாதிப் பேர் ஜிமிக்கியை ஆட்டிக்கொண்டு திரிய, நான் மட்டும் மூளிக்காதோடு நின்றேன். எல்லாம் அம்மாவின் பிடிவாதம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் ஒரே மாமாவோ எங்கள் குப்பத்துப் பக்கம் தலைகாட்டி மூன்று வருடமாகியிருந்தது. அவருக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று ஏதோ சொல்லிவிட்டாராம். என்ன சொன்னார் என்று கேட்டால் என் முதுகில் ஒன்று விழும். வேறு யாராவது மாமன் முறைக்காரர் மடியில் குத்திவிடலாம் என்று பெரியப்பா வருடா வருடம் சொல்வார். அம்மா மீன் ஆய்ந்துகொண்டே, காதில் விழாத மாதிரி இருப்பாள்.

கடைசியில் பெரியப்பாவே இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். மாமா வரலாம், தனியாகத்தான் வர வேண்டும்.

வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்காக அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு படூருக்குப் போனாள். அங்கே மாடி போர்ஷனில் மாமாவோடு இன்னொருவரும் இருந்தார். மிசோரம்காரர். கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை. மாமாவுக்கும் அதே ஓட்டலில்தான், நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மிசோரம்காரர் தமிழைச் சமையல்கட்டில் கற்றிருந்தார். அதனால் எங்கள் குப்பத்து ஆட்களே தோற்றுப்போகும்படி பேசினார்.

"இன்னா பாப்பா, நாஸ்தா துன்னியா? ஒரு டீ போடவா?" என்று அவர் கேட்டதும், முகத்தை உம்மென்று வைத்திருந்த அம்மாவே சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது. பாவம், இன்னொன்று வாங்க வசதியில்லை போலிருக்கிறது என்று நான் மனதுக்குள் இரக்கப்பட்டேன்.

அம்மா தட்டை மாமா கையில் கொடுத்தாள். தனியாக வா என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். வாயைத் திறப்பாள், உடனே டீயைக் குடிப்பாள். எனக்கு என் கவலை. வலிக்குமா என்று கேட்டேன். மிசோரம்காரர் தன் காதில் இருந்த சின்ன வளையத்தைக் காட்டினார்.

"எறும்பு கட்ச்சா மாரிதான் இருக்கும். நான் கைய புட்சிக்கிறேன், அழாத."

"அப்போ நீங்களும் வரணும்" என்றேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா காலி டம்ளரை எடுத்து இன்னொரு முறை குடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குப்பத்து அம்மன் கோயில் வாசலில் இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மிசோரம்காரர் நேரே பெரியப்பாவிடம் போய், "இன்னா அண்ணாத்த, சௌக்கியமா?" என்று கும்பிட்டார். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வந்த ஆட்டோலயே அவன அனுப்பு" என்று அப்பாவிடம் பல்லைக் கடித்தார். அப்பா வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்றார். மிசோரம்காரருக்குப் புரிந்திருக்க வேண்டும். கூட்டத்தை விட்டு விலகிப் போய் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். மாமா ஆட்டோவிலிருந்து சீர்த்தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

காது குத்தும் பத்தருக்கு அன்றைக்கே சிங்கப்பெருமாள் கோயிலில் இன்னொரு குழந்தை காத்திருந்தது. அந்த அவசரத்தில் கம்பியை வெளியே எடுத்துவிட்டார். அதைப் பார்த்ததுதான் தாமதம், நான் எடுத்தேன் ஓட்டம். நேரே படகு நிழலுக்குப் போய் மிசோரம்காரர் மடியில் ஏறி அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பத்தருக்கு என்ன, குழந்தை ஒரு மடியில் அடங்கி உட்கார்ந்தால் சரி. பின்னாலேயே வந்தவர் என் வலது காதைப் பிடித்தார், குத்தினார், முறுக்கிவிட்டார்.

"யோவ் பத்தரே, இன்னா வேல பண்ணிட்ட! மாமன்காரன் அங்க நின்னுகினு கீறான்யா! இவன் யாரு?" என்று பெரியப்பா கத்தினார்.

மிசோரம்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் சட்டையை விட்டால்தானே! மாமா கையிலிருந்த தட்டை அப்படியே மணலில் வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். "எந்திரி, நாம போய்டலாம்" என்று அவர் நண்பரிடம் மெதுவாகச் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பாதிக் காதோடு என்னை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பெரியப்பா எதிரில் அம்மா குரலெழுப்பி அதுவரை நான் கேட்டதில்லை. அன்றும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, பத்தரிடம்தான் பேசினாள்.

"காது ரெண்டு கீதுல்ல? ஒண்ணு அவரு மடில ஆச்சி. இன்னொண்ண என் தம்பி மடில குத்து. ரெண்டு பேரும் ஒரே வூட்டு ஆளுங்கதான்."

அப்பா கோயிலுக்குள் போய் இன்னொரு மணையைத் தூக்கி வந்து, மாமாவுக்குப் போட்டிருந்த மணையை ஒட்டிப் போட்டார். "வந்து குந்துங்க, நேரம் ஆவுது" என்று இருவரையும் கூப்பிட்டார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடலோரமாக நடந்துவிட்டார். பிரியாணி இறக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

மிசோரம்காரர் என் கையைப் பிடித்துக்கொள்ள, மாமா மடியில் இடது காது குத்தினார்கள். எறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை, தேள் கொட்டிய மாதிரி இருந்தது. வீறிட்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், என்னைவிட அதிகமாக மாமா அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. "எனக்கு வலிக்கவே இல்ல மாமா" என்று பொய் சொல்லி அவர் கன்னத்தைத் துடைத்தேன். அதற்கு அவர் இன்னும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

என் மாமா சரியான பயந்தாங்கொள்ளி, என் காதில் ஊசி குத்தினால் அவர் அழுகிறார் என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். பிறகும் பல வருடங்கள், அவர்கள் இருவரும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் கேலி செய்வேன். "ஆமா பாப்பா, எனுக்கு ஊசின்னா ரொம்ப பயம்" என்பார் மாமா.