அம்மாவின் வலி குறைந்தபோது

அம்மாவின் முழங்கால் வலி திடீரென்று குறைந்தபோது நான் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் சந்தேகம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தே எங்களை வளர்த்தவள். அப்பா போன பிறகு ஓசூரில் என்னோடும் என் கணவரோடும் வந்து தங்கினாள். இரண்டு முழங்காலிலும் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைப்பதற்கே கால் மணி நேரம் ஆகும். பாத்ரூம் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போவாள்.

அதற்கு முன்பே, வலிக்கென்று வருஷக்கணக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரைகளால் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. நாங்கள் காட்டும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனிமேல் பாராசிட்டமால் மட்டும்தான். அதுவும் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வேறு எந்த வலி மாத்திரையும் வாயில் போகக்கூடாது.

நான் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். எந்தப் பாகத்தையும் குறை இருக்கும் என்று நினைத்துத்தான் கையில் எடுப்போம். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிடும். மாத்திரை அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். வேலைக்குக் கிளம்பும்போது பகலுக்கு ஒன்றை மட்டும் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. டாக்டர் நிறையச் சொல்லியிருப்பார், இவள்தான் குறைத்துக் கொடுக்கிறாள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஒருநாள் சீட்டை எடுத்து நீட்டி, படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

"நீ படிக்கிறதுதான எனக்குத் தெரியும். அதுல என்ன எழுதியிருக்குதோ" என்றாள்.

பங்குனி மாதம் தொடங்கியபோது எல்லாம் மாறியது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் ராகிக் களி கிண்டி வைத்திருந்தாள். கீழ் வீட்டுக்குத் தானே படியிறங்கிப் போய்வந்தாள். அவளுக்கு நன்றாகப் பசித்தது. முகம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் ஆனது. பக்கத்தில் எல்லோரும் அம்மா தெளிந்துவிட்டாள் என்றார்கள். மூன்று பாராசிட்டமாலில் தேய்ந்த மூட்டு இப்படித் தெளியாது என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் கேட்டேன். வெயில் காலம் வந்ததால் வலி விட்டுவிட்டது என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். அவள் குளிக்கப் போனதும் தலையணை உறையைக் கழற்றிப் பார்ப்பேன். டிரங்குப் பெட்டியில் புடவை மடிப்புகளைப் பிரிப்பேன். சுருக்குப் பையையும் விடவில்லை. வெற்றிலையும் பழைய பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன.

என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவில் வீட்டில்தான் இருப்பார். பகலில் அம்மா என்ன செய்கிறாள் என்று அவரிடம் கேட்டேன்.

"வலி கொறஞ்சா நல்லதுதான? அதுக்கும் கணக்கு கேப்பியா?" என்றார்.

எனக்குக் கீழ் வீட்டு ஆன்ட்டி மேல்தான் சந்தேகம். வீட்டுக்காரம்மாவும் அவர்தான். கன்னடம் பேசுகிறவர், எங்களுக்காகத் தமிழும் பேசுவார். மத்தியானத்தில் அம்மா அவர் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்கு ஊர்ப் பழக்கத்தில் தெலுங்கு நன்றாக வரும், கன்னடம் அரைகுறை. அவருக்குத் தெலுங்கு அரைகுறை, ஆனாலும் பேச்சு ஓயாது. ஆனேக்கல் பக்கம் எலும்புக்கு மருந்து கொடுக்கிறவர் ஒருவர் இருப்பதாக அவர் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஆன்ட்டி கொடுத்தனுப்பும் மோரைக்கூட முகர்ந்து பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போய், அம்மாவுக்கு என்ன மருந்து தருகிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிப்போனது.

"நான் ஏன் கொடுக்கணும்மா? நானே பி.பி. மாத்திரை போடறவ" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவிடம் இனிமேல் கீழே போகக்கூடாது என்றேன். அம்மா எனக்கு ஆதரவாகவும் பேசவில்லை, ஆன்ட்டிக்காகவும் பேசவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

சித்திரையில் என் கணவர் ஊர்த் திருவிழாவுக்காக அரூர்ப் பக்கம் நான்கு நாள் போனார். இரண்டாம் நாள் அம்மாவுக்கு வலி திரும்பியது. மூன்றாம் நாள் காலையில் எழ முடியவில்லை. வாந்தி எடுத்தாள், உட்காரவைத்தால் தலை சுற்றிச் சாய்ந்தாள். பேச்சு குழறியது. நான் கத்திய சத்தத்தில் கீழ் வீட்டு ஆன்ட்டிதான் மேலே ஓடிவந்து ஆட்டோவுக்குச் சொன்னார். ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், மிகவும் இறங்கியிருந்தது. ரத்தம் எடுக்கச் சொன்னார். அம்மாவின் உப்பிய கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வேற ஏதோ மருந்து போயிட்டிருந்திருக்கு. ஸ்டீராய்டு மாதிரி தெரியுது. அத திடீர்னு நிறுத்தியிருக்கீங்க. யார் குடுத்தது?"

தெரியாது என்றேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நாட்களை எண்ணினேன். ஆன்ட்டி வீட்டுக்குப் போவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் அம்மா நன்றாகத்தான் நடந்தாள். வலி திரும்பியது என் கணவர் ஊருக்குப் போன மறுநாள். இதற்கு மேல் தேடுவதற்கு வீட்டில் இடமில்லை. அவருக்கு போன் செய்து, அம்மாவுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். எதைக் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் வந்தார். யூனிபார்ம் வைக்கும் பையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே கருப்பு உருண்டைகள். பேரில்லை, சீட்டில்லை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் வேனில் வைத்து விற்கும் ஒருவரிடம் வாங்கியதாம். கூட பஸ் ஓட்டுகிறவர்கள் சொன்னார்களாம்.

"நாட்டு மருந்துதான், ஒண்ணும் பண்ணாதுன்னாங்க" என்றார். டாக்டரம்மாவிடம் காட்டப் பொட்டலத்தை மடித்து எடுத்து வைத்தேன். அவரே மேலே சொன்னார்: "நீ காலைல கெளம்பிடற. பாத்ரூம் போறதுக்கு அவங்க அழுவறத நாந்தான் கேக்கறன். அத்த பொம்பள, புடிச்சிக் கூட்டிட்டுப் போறதுக்கு அவங்களுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். நான் என்ன பண்ணட்டும்?"

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் பார்த்த அம்மா வேறு. பகல் முழுக்க அவர் பார்த்த அம்மா வேறு. ஆனாலும் கோபம் போகவில்லை. நான் ஆன்ட்டியிடம் சண்டைக்குப் போனபோது இவர் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மாவுக்குத் தெளிவு வந்தது. அவர் ஊருக்குப் போகும்போது மருந்தை உன்னிடம் ஏன் கொடுத்துவிட்டுப் போகவில்லை என்று அவளைக் கேட்டேன்.

"எங்க வெக்கிறது? நீதான் தெனமும் எல்லாத்தையும் கிண்டிட்டு இருந்தியே" என்றாள். "நாலு நாளுதான, தாங்கிக்கறன்னு மாப்ளகிட்ட சொன்னன்."

நான் தேடித் தேடித்தான் அந்த மருந்து ஒரே நாளில் நின்றிருக்கிறது. டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. அளவு தெரிந்த மாத்திரையாக எழுதிக்கொடுத்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அவசரப்பட்டு நிறுத்தினால் மறுபடி விழுந்துவிடுவாள் என்று என் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், தடவுவதற்குக் களிம்பு. பாராசிட்டமால் அதே மூன்றுதான். ஆனால் முதல் மாத்திரையைப் படுக்கையிலேயே கொடுத்து, அரை மணி கழித்து எழுப்பச் சொன்னார். அந்த ஒரு மாற்றத்தால் காலை நேரம் கொஞ்சம் லேசானது. இவ்வளவு நாள் நான் அதைக் கேட்கவே இல்லை.

என் கணவர் பாத்ரூமில் இரும்புக் கம்பி பொருத்தினார். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு கமோடு நாற்காலி வாங்கினார். பகலில் இரண்டு மணி நேரம் வந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தோம். அம்மாவின் வலி முழுசாகத் திரும்பிவிட்டது. சில நாள் அழுவாள். அப்போது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையைச் செய்வோம்.

ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஹோக்லி பிடம்மா, போகட்டும்" என்றார். அம்மாவைப் பார்க்க மறுபடியும் மேலே வந்தார். ஆனால் சாப்பிட எதுவும் கொண்டுவருவதில்லை.

ஆவணியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கொஞ்சம் தேறியிருந்தது. பழைய நிலைக்கு இனி வராது என்றார் டாக்டரம்மா. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா இல்லை என்றாள். என் கணவரும் இல்லை என்றார். இரண்டு பேரும் கொஞ்சம் வேகமாகவே சொன்னதாக எனக்குத் தோன்றியது. நான் ஒன்றும் கேட்காமல் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினேன்.