தும்பிக்கை உடைந்த பிள்ளையார்

விழுப்புரத்தில் எங்கள் எதிர்வீட்டு வாசல் நிலைக்கு வேப்பமரம் இழைக்கிறார்கள். அந்தக் கசப்பு வாசனை பட்டதும் திண்டிவனத்தில் ரயில் பாதையோரம் இருந்த சிறுவர் மன்றத்துத் தகரக் கொட்டகைக்கே மனசு போய்விடுகிறது. ஞாயிறுதோறும் மரம் செதுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நாங்கள் உளியைத் தட்டுகிற சத்தம் ரயில் வந்தால் அதில் அமுங்கி, போனதும் மறுபடி எழும், பாவாடை மடியெல்லாம் சிராய் ஒட்டியிருக்கும். முதலில் செதுக்கப் பழகுவது பிள்ளையார்தான். என் பிள்ளையாருக்குத் தும்பிக்கை உடைந்துபோனது.

"உன் புள்ளையாரு பெருச்சாளி மாரி கீறாருடி. அவரு மேல யாரு ஏறிக்கினு போவாங்க?" என்று பக்கத்தில் இருந்த செல்வி சிரித்தாள்.

சாமி உருவம் வந்த மரத்தை எரிக்கக் கூடாது என்பதால் உடைந்தவையெல்லாம் மூலையில் ஒரு சாக்கில் கிடந்தன. ரயில் பாதையை ஒட்டிய சாலையை அகலப்படுத்தக் கொட்டகையை இடிக்கப்போகிறார்கள் என்றதும் அவரவர் சாமியை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "மூளியான சாமிய உள்ள கொண்டாராத. வூட்டுக்கு ஆவாது."

"அப்போ அவரு எங்கம்மா போவாரு?"

அம்மா அவரை வாங்கி வாசல் முருங்கையடியில் வைத்தாள். தூறல் விழுந்ததும் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் புதுப் பக்கெட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு வந்தாள். அப்புறம் உள்ளே சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினவள், தட்டை ஒருதரம் வாசல் பக்கமும் திருப்பினாள். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.