எடை மேடையில் சொன்ன சொல்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். இந்த வேலைக்கு அது ஆகாது என்று மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தராசு, படிக்கல், லாரியை அப்படியே ஏற்றி நிறுத்துப் பார்க்கும் எடை மேடை என்று எல்லாவற்றையும் சோதித்து முத்திரை வைக்கிற ஆய்வாளர் நான். எடை தப்பாகக் காட்டினால் வழக்கு எழுதுவதும் நான்தான். அன்றைக்கு வழக்கு எழுதத்தான் போனேன்.

வாலாஜாபாத்திலிருந்து திருமுக்கூடல் போகிற பக்கம் கல் உடைக்கும் கிரஷர் ஒன்று. ஜல்லியும் எம்-சாண்ட் என்கிற கல்மணலும் அங்கிருந்துதான் சுற்று வட்டாரத்துக் கட்டட வேலைகளுக்கெல்லாம் போகும். எட்டு நாள் முன்னால் அந்த எடை மேடையைத் தானியங்கியாக மாற்றியிருந்தார்கள். நானே சோதித்து நானே முத்திரை வைத்தேன். லாரி ஏறி நின்றதும் காமிரா வண்டி எண்ணைப் படிக்கும், எடை நேராகச் சர்வருக்குப் போகும், நடைச்சீட்டு தானாக அச்சாகி வரும். கையால் ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியாது. இனிமேல் யாரும் ஏமாற்ற முடியாது என்று நான் வீட்டில் பெருமையடித்துக்கொண்டது உண்மை.

முந்தின நாள் என் பெருமையில் மண் விழுந்தது. அந்தக் கிரஷரிலிருந்து வந்த லாரி ஒன்றைச் சோதனைக்காக ரோட்டில் மடக்கி, வேறொரு மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். சீட்டில் இருந்ததைவிட முந்நூறு கிலோ கூடுதல். அடுத்து வந்த லாரியிலும் அதே கதை. சீட்டுக்கு மேல் சரக்கு போகிறதென்றால் யாரோ மேடையில் கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். மேடையை இயக்கும் அம்மா கைரேகை வைத்தால்தான் கம்ப்யூட்டரே திறக்கும். அதனால் வழக்கில் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். வேலை போகும், போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டியிருக்கும்.

காலை பத்து மணிக்கு நான் போய் இறங்கியபோது லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. மேனேஜர் மோரும் கையுமாக ஓடி வந்தார்.

"கம்பெனிக்கு ஒண்ணும் தெரியாது மேடம். மேடை பூரா அந்தம்மா கையிலதான் இருக்குது" என்றார்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. கேட்காமலே ஆளைக் காட்டிக் கொடுக்கிறாரே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வேறொரு மேடையில் எடை போட்டு என்னோடு கூட்டிவந்திருந்த லாரியை இந்த மேடையில் ஏற்றச் சொன்னேன். முந்நூறு கிலோ குறைவாகக் காட்டியது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மேடைக்கு அடியில் கருவி பொருத்தி ரிமோட்டால் எடையைக் குறைத்துக் காட்டுகிற ஆட்களை நான் பிடித்திருக்கிறேன். ஜன்னலில் நின்று கத்தினேன். "ஏம்மா, ரிமோட்ட எங்க வெச்சிருக்கே?"

"என் கிட்ட டிவி ரிமோட்தான் மேடம் இருக்குது. அதுவும் வூட்டுல."

டிரைவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். என்னை வைத்து விளையாடுகிறாள் என்று தோன்றியது. "நக்கல் வேறயா? திருடி! சீல் வெச்ச மேடைல கை வெச்சுட்டு என்னாண்டயே நக்கலா?" என்றேன். அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

அவர் எழுந்து வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அந்த வார்த்தைய வாபஸ் வாங்குங்க மேடம்."

நான் வாங்கவில்லை. மேடையை மூடச் சொன்னேன். டிரைவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே லோடைத் திரும்பக் கொட்டிவிட்டு ஒவ்வொருவராக வேறு கிரஷருக்குப் போனார்கள். கடைசி லாரி போகும்வரை அவர் வெயிலிலேயே நின்றார்.

நான் உள்ளே உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். வேண்டுமென்றே எடையில் தலையிட்டிருக்கிறார்கள், பொறுப்பு மேடை இயக்குபவருடையது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"போடறதுக்கு முன்னாடி உங்க படிக்கல்ல நாலு மூலைலயும் வெச்சுப் பாருங்க" என்றார் வாசலில் நின்றபடி. "எட்டு நாளுக்கு முன்னாடி வந்தப்போ அப்படித்தான செஞ்சீங்க? இன்னிக்கு ஏன் செய்யல?"

எனக்குச் சுருக்கென்றது. விதிப்படி முதலில் செய்ய வேண்டியது அதுதான். கோபத்தில் தாண்டிப் போய்விட்டேன். ஜீப்பிலிருந்து இருபது கிலோ படிக்கற்களை இறக்கச் சொல்லி மூலை மூலையாக வைத்தேன். மூன்று மூலைகளிலும் எடை சரியாக இருந்தது. நான்காவது மூலையில் எட்டுக் கல் வைத்தும் பாதிகூடக் காட்டவில்லை.

மேடைக்கும் சுற்றியிருக்கிற காங்கிரீட் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டிருப்பார்கள். மேடை எதிலும் உரசக் கூடாது. உரசினால் பாரத்தில் கொஞ்சத்தைச் சுவர் தாங்கிக்கொள்ளும், எடை குறையும். அந்த அம்மா மேடையில் குப்புறப் படுத்து, போன் வெளிச்சத்தை அந்த இடுக்கில் அடித்து, ஒரு கம்பியை விட்டு நெம்பினார். கெட்டியாகச் சிக்கியிருந்த ஒன்று கையோடு வந்தது. தேங்காய் ஓடு. அடுத்து இன்னொரு சில்லு. மூன்றாவதில் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.

அவர் அதை என் உள்ளங்கையில் வைத்தார். யார் உடைத்த காய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் புதுத் தறி பூட்டினாலும் சரி, புது ஜெராக்ஸ் மெஷின் வாங்கினாலும் சரி, தேங்காய் உடைக்காமல் வேலை தொடங்க மாட்டோம். முத்திரை வைத்த அன்றைக்கு மேடைக்கு மாலை போட்டு, தேங்காயில் கற்பூரம் ஏற்றி, "மேடம், உங்க கையால ஒடச்சிடுங்க" என்றார் மேனேஜர். தரையெல்லாம் எம்-சாண்ட் தூள், போட்டால் புதைந்துவிடும். அதனால் மேடையின் இரும்பு ஓரத்தில் ஓங்கி அடித்தேன். காய் சில்லு சில்லாகத் தெறித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மாவும் தட்டினார்.

மேனேஜர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பராமரிப்பு சரியில்லன்னு எழுதிடுங்க மேடம். மேடைய பெருக்கி வெக்கறது அந்தம்மா வேலதான? உங்க பேரும் வராது, எங்க பேரும் வராது."

பொய் சொல்லப் போவதில்லை, ஆசையாக இருந்தது. அறிக்கையில் ஒரே வரியைத் திருத்தினால் போதும். எனக்கு மெமோ வராது, மேலதிகாரி மூன்றாவது முறை கூப்பிட மாட்டார். ஆனால் நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக்குப் பட்டு எடை போட்டுத்தான் வரும், புடவை எடை போட்டுத்தான் போகும். கொஞ்சம் குறைந்தால் முதலாளி என் அப்பாவை எப்படிப் பார்ப்பார் என்று கண்ணால் கண்டவள். கண்டவளே இன்னொருத்தியை அந்தப் பார்வை பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

முதல் அறிக்கையைக் கிழித்தேன். "முத்திரையிட்ட ஆய்வாளர் மேடையின் மீது தேங்காய் உடைத்ததால்" என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மேடம், உங்களுக்குத்தான் மெமோ வரும்" என்றார் மேனேஜர்.

"வரட்டும்பா."

அப்பாடா, முடிந்தது என்று அந்த அம்மாவிடம் போனேன். "எழுதிட்டேன்மா. உங்க மேல ஒண்ணும் வராது. என்ன மன்னிச்சிடுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, அச்சாகி வந்த தாளை நீட்டினார். பதினோரு வண்டி எண்கள்.

"காமிரால இருக்குது. நீங்க பேசும்போது நின்னுக்கினு இருந்த வண்டிங்க. இவங்க யாரும் உங்க ரிப்போர்ட்ட படிக்க மாட்டாங்க மேடம். நாளைக்கும் நான் இவங்களுக்குத்தான் சீட்டு குடுக்கணும். என் பொண்ணு இந்த ரோட்டுலதான் பஸ் ஏறி ஏனாத்தூர் காலேஜுக்குப் போவுது."

மறுநாள் காலையில் அந்தத் தாளோடு கிரஷர் வாசலில் நின்றேன். மேடை திறந்தாகிவிட்டது, அவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். பட்டியலில் இருந்த முதல் வண்டி வந்தது. கை காட்டி நிறுத்தி, படியில் ஏறி நின்றேன்.

"நேத்து இங்க நான் ஒரு வார்த்த சொன்னேன்ல..."

"அந்தத் திருடி மேட்டரா மேடம்?" டிரைவர் உற்சாகமாகச் சிரித்தார். "நேத்தே எங்க டிரைவருங்க குரூப்புல வாய்ஸ் போட்டுட்டேன். எல்லாரும் உஷாராய்ட்டாங்க."

"எத்தினி பேருப்பா அந்தக் குரூப்புல?"

"அது ஆவும் மேடம், இருநூறுக்கு மேல. செங்கல்பட்டு ஆளுங்ககூட கீறாங்க."

போனைக் கொடு என்று கேட்டு வாங்கினேன். குரல் பதிவு செய்யும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். நான் முத்திரை ஆய்வாளர், நேற்று அந்த அம்மாவைச் சொன்னது தப்பு, அவர் எதையும் எடுக்கவில்லை, கெடுத்தது நான். போகப் போகக் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. எப்படியோ முடித்தேன்.

டிரைவர் போனை வாங்கி, காதில் வைத்து ஒரு முறை போட்டுக் கேட்டார். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. என்னிடமே திருப்பி நீட்டினார்.

"கேக்கவே இல்ல மேடம். நேத்து சத்தமா சொன்னீங்களே, அப்படிச் சொல்லுங்க."